தெருவில் விசாரித்த வகையில்

தெருவில் விசாரித்த வகையில் மனுதாரர் குடும்பத்தினர் முதலியார் வகுப்பைச் சேர்ந்தவர்கள் எனத் தெரியவருவதால், ஆதிதிராவிடர் சான்று கோரும் மனு திருப்பப்படுகிறது.

கைப்பேசியில் வந்திருந்த இந்த ஒரு வாக்கியத்தை ஆர்த்தி, கிராம நிர்வாக அலுவலகத்து வேப்பமரத்தடியில் நின்றபடி மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக, எந்த மனுவும் போடாமலே ஊரே அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சான்று அது. டீக்கடையில் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் ஊர்ப்பேரைக் கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். முதல்முறையாக அவளாகப் போய் வாயைத் திறந்து கேட்டால் இல்லை என்கிறார்கள்.

உள்ளே சிமெண்டு ஓட்டுக் கூரையின் கீழ் வி.ஏ.ஓ. சீனுவாசன் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைகாசி வெயில் கூரை வழியாக இறங்கி மேசைமேல் இருந்த கோந்தைக்கூட இளக்கியிருந்தது. பட்டா மாற்ற வந்த கிளியனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து போனதும் ஆர்த்தி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கத்தைக் கல்லூரி இரண்டாம் வருஷத்திலேயே விட்டிருந்தாள்.

"சார், நாங்க எஸ்.சி.தான். தெருவுல தப்பா சொல்லிட்டாங்க."

"தலையாரி எட்டு ஊட்ல கேட்டிருக்காரும்மா. எட்டு ஊடும் ஒரே மாதிரிதான் சொல்லுது. உங்க ஓனரு நயினாரும் அதையேதான் சொன்னாரு. அந்த மனுஷன் பொய் சொல்ற ஆளு கெடையாது."

"எங்கம்மா அவருகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்குது சார். ஊடு வேணும்னு சொன்ன பொய்யி."

சீனுவாசன் பேனாவை மூடி வைத்தார். "எது பொய்யி? அங்க சொன்னதா, இங்க சொல்றதா?"

அவள் பதில் சொல்லுமுன் அவரே பேசிக்கொண்டு போனார். அவர்மேல் கோபப்படுவதற்கு வழியில்லாதபடி நிதானமாகப் பேசினார். வேலைக்காக வகுப்பை மாற்றி எழுதிக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. பக்கத்துப் பிர்க்காவில் ஒருத்தருக்கு அதனாலேயே சஸ்பென்ஷன். முதலியாரைப் பிடித்து எஸ்.சி. என்று எழுதிக்கொடுத்தால் தன் பெண் கல்யாணம் நின்றுபோகும். பழைய சாதி அட்டை எங்கே என்றார். ஆர்த்தி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஆறாம் வகுப்பில் கையால் எழுதிக்கொடுத்த அட்டை. முத்திரையும் கையெழுத்தும் ஒரே நீலக் கறையாக ஊறிப் பரவியிருந்தன. பேர் மட்டும் பாதி தெரிந்தது.

ஒரே வழிதான் இருக்கிறது என்றார் சீனுவாசன். சொந்த ஊரிலிருந்து உறவுமுறைக்காரர்கள் நாலு பேர் வரவேண்டும். விலாசத்தில் உள்ள வீட்டு வாசலில் வைத்து, அம்மாவும் அவர்களும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தெருக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"இந்த ஆபீஸ்ல வச்சே குடுத்துடறோம் சார்."

"தெருவுலேர்ந்து வந்த ரிப்போர்ட்டைத் தெருவுல வச்சுத்தாம்மா மாத்த முடியும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு, எனக்கு வேற ஜோலி கீது."

பதினெட்டாம் தேதி விழுப்புரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. இளநிலை உதவியாளர் வேலை, எஸ்.சி. பட்டியலில் அவள் பெயர் ஏழாவது. அன்றைக்குத் தேதி பத்து. வரச் சொன்னாள்.

*

அந்த அட்டை ஊறியதும் அவர்கள் திண்டிவனம் வந்ததும் ஒரே புயலில். அனந்தபுரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவர்கள் ஊர். கார்த்திகைப் புயலில் காலனி வீட்டின் கிழக்குச் சுவர் கரைந்து சரிந்தது. தகரப்பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பட்டச் சான்றை மட்டும் ஆர்த்தி தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அது. அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாளுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

ஆர்த்திக்கு ஏற்கெனவே திண்டிவனத்துத் துணிக்கடையில் பில் போடும் வேலை. அங்கேயே வீடு பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். பதினோரு வீடு பார்த்தார்கள். பதினோரு வீட்டிலும் வாடகையைச் சொல்லுமுன் "நீங்க என்ன ஆளுங்க" என்றார்கள். பச்சையம்மாள் உள்ளதைச் சொன்னாள். ஒரு வீட்டுக்கு அப்போதே ஆள் வந்துவிட்டதாம். இன்னொரு வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டுமாம். ஒரு கிழவர் மட்டும் ஒளிக்காமல், எங்க தெருவுல ஒத்துக்க மாட்டாங்கம்மா என்றார். அவர்மேல் ஆர்த்திக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பன்னிரண்டாவது வீடு ஜினசந்திரனுடையது. சமண நயினார் குடும்பம்; மகன் தர்மேஷ் பெங்களூரில் இருந்தான். செஞ்சிப் பக்கத்தில் எத்தனையோ தலைமுறையாக நிலமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரமும். எடை போடும்போது தராசு முள் நின்றபிறகும் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுகிறவர் என்று மார்க்கெட் கமிட்டியில் பேர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கவுச்சி சமைப்பீங்களா?"

"இல்லீங்க நயினாரே. சைவந்தாங்க. முதலியாருங்க" என்றாள் பச்சையம்மாள்.

கேட்டது கவுச்சியை. அம்மா சாதியையும் கொசுறு மாதிரி சேர்த்துக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஆர்த்தி வாயைத் திறக்கவில்லை. பின்கட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அந்தப் பின்கட்டில் ஒரு நெத்திலி வேகவில்லை. பச்சையம்மாள் மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை சாக்கின்மேல் உட்கார்ந்து சொத்தையும் கல்லும் பிரிக்கவேண்டும்; சிவப்புத் தொலி பறந்து தலைமுடியெல்லாம் ஒட்டும். மத்தியானம் கூட வேலை செய்கிறவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் கேப்பைக் களியைத் தொட்டுத் தின்றுவிட்டு, எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். தெருவுக்குள் நுழையுமுன் விரலை முகர்ந்து பார்ப்பாள். ஜினசந்திரனின் மனைவி சந்திரவதி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, மிச்சமிருக்கும் சுண்டலையோ பூரியையோ பின்கட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். பச்சையம்மா, நீ கோலம் போட்டா தெருவே நின்னு பாக்குது என்பாள். மனசாரத்தான் சொல்வாள்.

அம்மாவின் பொய்யை நினைத்தால் ஆர்த்திக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் செய்தது வேறொன்று. குடிவந்த மறுவாரமே ஜினசந்திரனிடம் கரண்டு பில்லும் சம்மதக் கடிதமும் வாங்கிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடினாள். ஆதாரில் விலாசம் மாற்றினாள். அப்புறம் ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை. திண்டிவனம் வந்தவர்கள் பலபேர் பத்து வருஷமானாலும் மாற்றாமல் கிடப்பார்கள். அவள் இரண்டே மாசத்தில் ஒன்றுவிடாமல் மாற்றினாள். பழைய விலாசத்தின் இரண்டாவது வரியில் 'காலனி' என்று இருந்தது. புதிதில் கதவு எண்ணும் செட்டித் தெருவும் மட்டும்தான். புது அட்டை தபாலில் வந்த அன்றைக்கு அவள் அதைத் துணிக்கடைப் பெண்களிடம் காரணமே இல்லாமல் காட்டினாள்.

அந்த விலாசத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அவளுடைய சாதிச் சான்று மனுவை நேரே சீனுவாசனுக்கு அனுப்பியது.

*

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அனந்தபுரம் பேருந்தில் போனாள். சொந்த ஊர் வி.ஏ.ஓ. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நீ என் ஊர்லயே இல்லியேம்மா, ரேஷன் கார்டுகூட திண்டிவனம்னு காட்டுது என்றார். உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சு இன்னா பண்றது என்று வருத்தப்பட்டார். காசு பெறாத வருத்தம்; அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பெரியப்பா முத்துசாமி ஏரிக்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பில் கட்டைக்குப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார். கூட மூன்று பேர். விஷயம் எப்படியோ அவளுக்கு முன்னால் பேருந்து பிடித்து வந்திருந்தது.

"வாங்க முதலியாரம்மா" என்றார். "எங்க கூழெல்லாம் உங்களுக்கு எறங்குமா?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று காட்டினான். ஆர்த்தி தூக்குவாளியைத் திறந்து கூழை மொண்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு முழுசையும் குடித்தாள். ஐந்தாறு மடக்குக்குப் பிறகு சிரிப்பு நின்றது. அவள் விவரம் சொன்னாள்.

முத்துசாமி பட்டை உரிக்கும் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். வியாழக்கிழமை வருவதற்கு ஒரு தடையும் இல்லை என்றார். வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு நாலு பேரும் வருவோம், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வோம்.

"நாங்க சொல்லிட்டு மத்தியான வண்டிக்குத் திரும்பிடுவோம் பாப்பா. நீயும் பச்சையும் அப்பறம் அந்தத் தெருவுல எப்பிடி இருப்பீங்க? அத்த யோசிச்சியா?"

"யோசிச்சா வேல கெடைக்காது பெரிப்பா."

*

பச்சையம்மாள் மில்லிலிருந்து வந்து தலைமுடியில் ஒட்டிய தொலியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்த்தி சொன்னாள். அவள் எழுந்துபோய் முன்கட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

வேலை வேண்டாம் என்றாள். துணிக்கடையே போதும், நீ கட்டிக்கினு போற வரைக்கும் நான் மில்லுக்குப் போறேன் என்றாள். அப்புறம் அழாமல், குரலை உயர்த்தாமல், ஒரே மூச்சில் பேசினாள். நாற்பத்தாறு வயசுவரை சவுக்குத் தோப்பில் இருட்டுகிறவரைக்கும் அடக்கிக்கொண்டிருந்து ஒதுங்கினவள் தான். இந்த வீட்டில்தான் தாழ்ப்பாள் போட்ட கக்கூஸும் குளியலறையும் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே சும்மா நிற்கிற நாளெல்லாம் உண்டு. அதை விட்டுவிட்டு எங்கே போவது. இன்னொரு பதினோரு வீடா.

"அதுக்காக சாவுற வரைக்கும் முதலியாராவே இருப்பியா? செத்தா எந்த சுடுகாட்டுக்குத் தூக்கறது, அதையும் நயினார்கிட்டயே கேட்டு வச்சுக்கோ."

பச்சையம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ மட்டும் இன்னாடி? காலனின்ற எழுத்த அழிக்கத்தான அன்னிக்கி சோறு துன்னாத ஓடுன. நான் வாயால சொன்னேன். நீ கம்ப்யூட்டர்ல சொன்ன. ரெண்டும் ஒண்ணுதான்."

ஆர்த்தி சுவரில் தொங்கிய மில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பச்சையம்மாள் மகளிடம் பேசவில்லை. புதன்கிழமை காலை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிய கோலமாகப் போட்டாள். சந்திரவதி மாடியிலிருந்து நன்றாயிருக்கிறது என்றபோது தலைநிமிராமல் சிரித்தாள்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். முத்துசாமியும் மூன்று பேரும் நீலம் தூக்கலாகப் போட்ட வேட்டியில், தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கப் போனார்கள். ஆர்த்தி ஓடிப்போய், போட்டுக்கினு வாங்க பெரிப்பா என்று சற்று சத்தமாகவே சொன்னாள். சீனுவாசன் மளிகைக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிப்போட்டு வாசலில் உட்கார்ந்தார். தலையாரி குடை பிடித்தார். தெருவில் யாரும் கூட்டம் கூடவில்லை. அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றார்கள். பெருக்கின இடத்தையே ஒருத்தி மறுபடியும் பெருக்கினாள். மாடியில் சந்திரவதி அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜினசந்திரன் கமிட்டிக்குக் கிளம்பியவர், இத்தனை பேரைப் பார்த்து வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

முத்துசாமி கைகட்டாமல் நின்று பேரும் ஊரும் வகுப்பும் சொன்னார். பச்சையம்மாள் தன் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி, ஆர்த்தி தம்பி மகள் என்றார். மற்ற மூன்று பேரும் அப்படியே சொன்னார்கள். சீனுவாசன் எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார்.

"ஏம்மா, உன் வாயால சொல்லு. என்ன வகுப்பு நீங்க?"

பச்சையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். அப்பளத்தட்டைப் பிடித்த சந்திரவதியின் கை அசையவில்லை. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று ஆர்த்திக்கே தெரியவில்லை. முதலியார் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும், வேலை போகும், அவ்வளவுதான் கணக்கு. எடுத்துக்கொடுக்கலாம் என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். இதையும் தானே சொன்னால் அம்மா முகத்தில் ஆயுசுக்கும் முழிக்க முடியாது.

"பறையருங்க சாமி" என்றாள் பச்சையம்மாள்.

சீனுவாசன் ஆதிதிராவிடர் என்று எழுதினார். "அப்ப முதலியார்னு சொன்னது?"

"ஊட்டுக்காவ சொன்னதுங்க."

பெருக்குகிற சத்தம் நின்றது. பச்சையம்மாள் மடியில் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். தெருக்காரர் சாட்சி ஒருத்தர் வேணும் என்று சீனுவாசன் பொதுவாகச் சொன்னார். மளிகைக்கடைக்காரர் உள்ளே போய் எதையோ எடைபோட ஆரம்பித்தார். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டதாக ஒருத்தி உள்ளே ஓடினாள். விசில் யாருக்கும் கேட்கவில்லை.

ஜினசந்திரன் வந்தார். காகிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முன்பு தெரிந்ததை முன்பு சொன்னேன், இப்போது என் காதால் கேட்டதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சீனுவாசனிடம் சொல்லிவிட்டு, தன் பேனாவாலேயே போட்டார். சீனுவாசன் காகிதங்களைப் பைக்குள் வைத்தார். நாளைக்குள் தாசில்தாருக்குப் போய்விடும், திங்கட்கிழமை சான்று வந்துவிடும் என்று ஆர்த்தியிடம் சொல்லிக் கிளம்பினார். தேதி பதினெட்டுக்கு முன்னால்தான். முத்துசாமி தம்பி மகளின் தலையைத் தொட்டுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், ஆட்களோடு நடந்தார்.

ஜினசந்திரன் போகாமல் நின்றார். வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஆர்த்தி, அடுத்த மாசத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்மா."

"ஏங்க?"

அவர் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கவுச்சி எதுனா சமைச்சமா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது சண்ட சச்சரவு?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பொய் சொல்லி ஊடு எடுத்தோமே, அதுக்காகவா? அதுக்காகத்தான்னு சொல்லுங்க நயினாரே. இப்பவே பாத்திரத்தைக் கட்றோம். நீங்க சொன்னா நான் நம்பறேன்."

அது அவருக்கு அவள் திறந்துவிட்ட கதவு. நுழைந்து போயிருக்கலாம்; அவர்மேல் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஜினசந்திரன் வாயைத் திறந்தார். உதடு ஒருதடவை அசைந்தது. மூடிக்கொண்டார். கழுத்திலிருந்து வியர்வை சட்டைக்குள் இறங்கியது. தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்த்தி விடுவதாக இல்லை. எத்தனை நேரமானாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் படுகிற பாட்டை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இன்னாடி அவர நிக்க வச்சுக் கேட்டுக்கினு கீற. தர்மேஷ் தம்பி பெங்களூர்லேர்ந்து இங்கியே வந்துடப் போவுது போலக்கீது. அவங்களுக்கு ஊடு வேணும்ல. அதானுங்களே நயினாரே?"

தர்மேஷ் பெங்களூரில் சொந்தமாக வீடு வாங்கியதற்கு, போன பௌர்ணமிக்குத்தான் தெரு முழுக்க லட்டு கொடுத்திருந்தார்கள்.

ஜினசந்திரன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.